முதலில் அந்தப் போட்டோக்களை அழித்துவிடு

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். துப்பறிவாளர் ஆவதுதான் என் லட்சியம். இப்போதே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். எதிர்வீட்டு மாடியில் வடமாநில இளைஞர்கள் ஐந்து பேர் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து போட்டோ எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆன்லைனில் ஆறு மாத டிடெக்டிவ் கோர்ஸுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். கோர்ஸில் சேரலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: முதல் வேலையாக அந்தப் போட்டோக்களை அழித்துவிடு அம்மா. "அவர்கள் ஏதும் தப்பு செய்ததாக எனக்குத் தெரியாது, நான் போட்டோ போட்டது தவறு" என்று அதே குழுவில் எழுதிவிடு. பாராட்டியவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, எழுது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு குடும்பம் காரில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் குழந்தைகளைப் பார்த்துச் சாக்லேட் கொடுத்தார்கள். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. ஊர்க்காரர்கள் திரண்டு வந்து அடித்ததில் வயதான அம்மா ஒருவர் செத்தே போனார். உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார். அந்த ஐந்து பேரைப் பற்றி நீ சொல்லியிருப்பது இரண்டே விஷயம்: வெளி மாநிலத்துக்காரர்கள், ராத்திரி லேட்டாக வருகிறார்கள். ஓட்டலில் வேலை பார்ப்பவர்களும் மில்லில் ஷிப்ட் முடிப்பவர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

"சேலம் ரயில் கொள்ளையில் பிடிபட்டது வடமாநிலக் கும்பல்தானே?" என்று நீ திருப்பிக் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த வழக்கை நீ தேடிப் படித்தே ஆக வேண்டும். 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸில் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டிய 342 கோடி ரூபாய், பழசாகி அழுக்கேறிய நோட்டுகளாக இருந்தது. சென்னை வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், பெட்டியின் கூரையில் ஓட்டை. ஐந்தே முக்கால் கோடி அளவுக்குப் பணம் காணோம். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள்? பார்த்தவர் யாரும் இல்லை.

விசாரித்தவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் வரை டீசல் எஞ்சின்தான். விருத்தாசலத்தைத் தாண்டினால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி. அதற்குக் கீழே கூரை மேல் உட்கார்ந்து ஒருவன் ஓட்டை போட முடியாது. அப்படியானால் வேலை நடந்தது விருத்தாசலத்துக்கு இந்தப் பக்கம். இடம் சுருங்கியதும், அந்தப் பாதையோரச் செல்போன் கோபுரங்களில் பதிவான அழைப்புகளை சிபிசிஐடி போலீஸார் அலசினார்கள். எண்கள் மத்தியப் பிரதேசத்துக்கு இட்டுச் சென்றன. கைது நடந்தது 2018 அக்டோபரில். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

போலீஸார் போன திசையைக் கவனி. தடயத்திலிருந்து இடத்துக்கு, இடத்திலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து ஆளுக்கு. நீ ஆளிலிருந்து ஆரம்பித்துக் குற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாய். அந்த வழக்கில் போலீஸாரும் அப்படி ஆரம்பித்து, சேலம் ஜங்ஷனில் இந்தி பேசியவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்திருந்தால், கும்பல் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? எழுதக் கற்றுக்கொள். புலன் விசாரணை அதிகாரியின் பாதி நாள் எழுத்து வேலையில்தான் போகிறது. சம்பவ இடத்துக்குப் போனதும் பார்வை மகஜர், அதாவது அங்கே பார்த்ததைச் சாட்சிகள் கையெழுத்தோடு பதிவு செய்யும் குறிப்பு, எழுத வேண்டும், மாதிரி வரைபடம் போட வேண்டும். எது எங்கே கிடந்தது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், விளக்குக் கம்பம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எல்லாம் அதில் வரும். கண்ணில் பட்டது மட்டும்தான் வர வேண்டும். "அவன் கோபமாகப் போனான்" என்று எழுதினால் அது உன் ஊகம். "கதவை ஓங்கிச் சாத்தினான், செருப்பை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்" என்று எழுதினால் அது நீ பார்த்தது. உன் நோட்டை எடுத்து, இதில் எத்தனை வரி பார்த்தது, எத்தனை வரி நினைத்தது என்று அடிக்கோடு போட்டுப் பார். அதற்கப்புறம் அந்த நோட்டில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே.

உன் அப்பாவின் பட்டறையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொலுசு வேலைக்காரரிடம் வெள்ளி கொடுக்கும்போது எடை போட்டு எழுதுவார். வேலை முடிந்து வரும்போது கொலுசை எடை போடுவார், தூளையும் துண்டையும் எடை போடுவார், சேதாரம் கழிப்பார். கணக்கு இடித்தால் யார் கையில் இடித்தது என்று நோட்டு சொல்லிவிடும். வழக்குச் சொத்தும் இப்படித்தான் கைமாற வேண்டும். ரத்தம் படிந்த கத்தியைக் கைப்பற்றியவர் யார், எப்போது சீல் வைத்தார், தடய அறிவியல் ஆய்வகத்துக்கு யார் கொண்டுபோனார் என்பதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். சேலத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும், பொருள் வந்து சேர்ந்த வழி சரியில்லை என்றால் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்காது.

சட்டத்தையும் இப்போதே தொட்டுப் பார். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்கும் புத்தகங்களை வாங்காதே. தேடுதல் நடத்துவதையும் பொருள் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற பழைய விதி புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. சினிமாவில் ஒரு அறை விட்டதும் உண்மை கொட்டுகிறதே, அந்தக் காட்சிக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. அடிக்காமல் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். நீ அப்படி ஒருத்தியாக வர வேண்டும் என்பது என் ஆசை.

கோர்ஸுக்கு 18,000 ரூபாய் கட்டாதே. தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் தரும் சட்டமே இந்தியாவில் கிடையாது. 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே "அரசு அங்கீகாரம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேள். நேர்மையான தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் விசாரிப்பது, இன்சூரன்ஸ் மோசடி, கம்பெனிக்குள் நடக்கும் திருட்டு என்று வேலை வரும். ஆனால் அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, இன்னொருவரின் போன் விவரத்தை வாங்கவும் உரிமை இல்லை. 2018இல் மகாராஷ்டிராவின் தாணேயில் போன் அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரையே போலீஸ் கைது செய்தது.

நேர் வழிகள் உண்டு. பட்டம் முடித்து, இருபது வயதானதும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.ஐ. தேர்வு எழுதலாம். உயரம், ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் பார்ப்பார்கள், அதனால் காலையில் ஓடப் பழகு. வேதியியலோ உயிரியலோ பிடித்திருந்தால் தடய அறிவியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் போகலாம். வக்கீலாகி இதே வழக்குகளை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம், சேலத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இந்தி படி, தெலுங்கும் கன்னடமும் காதில் விழட்டும். எதிர்வீட்டு மாடிக்காரர்களிடம் போய் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருந்தால் மொட்டை மாடியில் ஒளிந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. ஐயா, பாலியல் குற்றம் பற்றி ஒரு பெண் புகார் சொல்ல வந்தால் அதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது. உங்கள் மகள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ஐயாவிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறை நாளில், பட்டறைக்கு அரை நாள் லீவு விட்டு, மகளை அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குக் கூட்டிப்போங்கள். பெரும்பாலான குற்ற வழக்கு விசாரணை பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கக்கூடியதுதான். போனை அணைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்காகக் கிடைத்தால் நல்லது. மகஜர் எத்தனை மணிக்கு எழுதினீர்கள், கையெழுத்துப் போட்ட சாட்சி எந்த ஊர், அந்த நேரத்தில் அவர் அங்கே எதற்கு வந்தார் என்று வக்கீல் கேட்டுக்கொண்டே போவார். எழுதியதில் ஓட்டை இருந்தால் அங்கே தெரியும்.

அம்மா, வீடு திரும்பியதும் உன் அறையையே சம்பவ இடமாக வைத்து ஒரு பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயார் செய். ஊகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆசிரியர், கேள்வி-பதில் பகுதி என்று போட்டு எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனாவில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.