இயற்பியலுக்குப் பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை இயற்பியல் முடிக்கப்போகிறேன். குவாண்டம் இயக்கவியல் என்றால் உயிர். ஆனால் முனைவர் பட்டம் முடித்த பலர் நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தப் பணிகளில் அலைவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மென்பொருள் பக்கம் போனால் படித்ததெல்லாம் வீண்தானே என்று மனம் அடித்துக்கொள்கிறது. வேறு வழியே இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

குவாண்டம் இயக்கவியலில் எது பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. ஹைட்ரஜன் அணுவுக்கான சமன்பாட்டைத் தாள் தாளாகப் போட்டு, விடை வரும்வரை எழுந்திருக்காமல் இருப்பதா? அதையே கணினியில் எழுதி, வரைபடம் கோணலாக வரும்போது பிழையைத் தேடுவதா? லேசர் கற்றையை நேர்ப்படுத்துவதிலேயே ஒரு மதியத்தைத் தொலைப்பதா? புரியாத நண்பனுக்குச் சொல்லிக்கொடுப்பதா? நாலும் நாலு விதமான வேலைகள். எதற்கு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லையோ, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். பாடத்தின் மேல் இருக்கும் மோகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வேறு வழி கேட்டீர்கள். பலர் யோசிக்காத ஒன்று, மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லினாக் இயந்திரத்தைக் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன்பே, இயக்கிப் பார்க்க வேண்டும். வரும் கதிரின் அளவு 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சிகிச்சையைத் தொடங்க முடியாது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். பிறகு, கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேர வேண்டும், பக்கத்திலிருக்கும் தண்டுவடம் தப்பிக்க வேண்டும்; எந்தத் திசையிலிருந்து எவ்வளவு என்று மருத்துவரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். நீங்கள் படித்த அணுக்கரு இயற்பியல்தான். ஆனால் இதற்கென்று தனிப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும், இடங்களும் குறைவு. இப்போதே விசாரியுங்கள்.

வானிலைக் கணிப்பு, நிலநடுக்க ஆய்வு, கணினிச் சில்லுத் தயாரிப்பு எல்லாமே இயற்பியல் படித்தவர்களை எடுக்கும் துறைகள்தான். நிதிச்சந்தையும்கூட. பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் விருப்ப ஒப்பந்தங்களுக்கு (ஆப்ஷன்) விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றிப் போட்டால் வெப்பம் பரவுவதைச் சொல்லும் உங்கள் வெப்பச் சமன்பாடு வந்து நிற்கும்.

வீணாகும் என்ற பயத்துக்கு வருகிறேன். வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-ல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். நோபல் வாங்கியவரை உதாரணம் காட்டுவது கொஞ்சம் போங்காட்டம்தான், தெரியும். ஆனால் துறை மாறுகிற சாதாரண ஆட்களும் ஏராளம். ஒரு சிக்கலில் எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கும் பழக்கம் மென்பொருளிலும் கூடவே வரும்.

முனைவர் பட்டம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. முடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் பல்கலைக்கழகங்களில் இடம் கிடையாது. போவதாக இருந்தால், நெறியாளரைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் மூன்று வருடம் தாண்டிய மாணவரைப் பிடியுங்கள். முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு குழு தேடுங்கள். சோதனை இயற்பியல் என்றால் வெற்றிடக் கருவிகள், மின்னணுவியல் என்று தொழிற்சாலைக்கு உதவும் கைவேலை கூடவே வந்துவிடும். கோட்பாடு எடுத்தால் முதல் வருடத்திலேயே ஒழுங்காக நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், நெறியாளர் கேட்காவிட்டாலும்.