அழைப்பிதழ் எழுதும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வைகாசியில் மூத்த மகளுக்குத் திருமணம். அழைப்பவராக என் பெயர் வரக்கூடாது, கணவரின் அண்ணன் பெயரில்தான் அச்சிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கணவரின் பெயரை எங்கே போடுவது என்றும் தெரியவில்லை.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பெண்ணைப் பெற்று, வளர்த்து, மணம் பேசி முடித்தவர் நீங்கள். அழைக்க வேண்டியவரும் நீங்களே. கைம்பெண்ணின் பெயர் மங்கல ஏட்டில் இடம்பெறலாகாது என்ற பழைய எண்ணம்தான் ‘வழக்கம்’ என்ற பெயரில் இன்னும் உலவுகிறதே தவிர, அழைப்பிதழ் எழுதும் முறையில் அதற்கு எந்த இடமும் இல்லை. கணவரின் அண்ணனுக்கு உரிய மரியாதையை, ‘முன்னின்று நடத்துபவர்’ என்றோ ‘முன்னிலை’ என்றோ தனி வரியில் அவர் பெயரை அச்சிடுவதன் மூலம் நிறைவாகவே செய்யலாம். தாய்மாமன் பெயருக்கும் அதே இடம் பொருந்தும். ஆனால், முழு அழைப்பையும் பெரியப்பாவின் வாயில் வைத்துவிட்டு, ‘எனது தம்பி மகள்’ என்று தொடங்கினால், அதைப் பெறுகிறவர்களில் உங்களை அறியாத எவருக்கும் மணப்பெண்ணுக்குத் தாய் இருக்கிறாரா என்பதே தெரியாமல் போய்விடும்.

கணவரின் பெயர் விஷயத்தில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, ‘அமரர் இன்னார் – திருமதி இன்னார்’ என்று இருவரையும் சேர்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான் என்றாலும், மறைந்தவர் வாசலில் நின்று வரவேற்பதாக அது பொருள் தந்துவிடுகிறது. அவருடைய பெயர் வர வேண்டிய இடம் மகளின் பெயருக்கு முன்னால். ‘அமரர் இன்னாரின் புதல்வியும் என் மூத்த மகளுமான திருவளர்செல்வி இன்னாருக்கும், இந்த ஊர் இன்னார் தம்பதியரின் மகன் இன்னாருக்கும் திருமணம் செய்விக்கப் பெரியோர் நிச்சயித்துள்ளபடியால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருளுமாறு அன்புடன் அழைக்கிறேன்’ என்று எழுதி, அடியில் உங்கள் பெயரை மட்டும் இடுங்கள். ‘எங்கள் மகள்’, ‘அழைக்கிறோம்’ என்ற பன்மை அச்சக மாதிரியிலிருந்து தானாக நுழைந்துவிடும். அழைப்பவர் நீங்கள் ஒருவர் என்பதால் ‘என்’, ‘அழைக்கிறேன்’ என்பவையே சரி. ‘பெரியோர்களால்’ என்பதையும் அந்த மாதிரியில் காண்பீர்கள். ‘பெரியோர்’ என்பதே பலரைக் குறிக்கும் சொல் என்பதால், அதற்கு மேல் ஒரு ‘கள்’ வேண்டியதில்லை.

கேள்வி: திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வன் ஆகிய இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ‘ச்’ போட வேண்டுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மணம் செய்விக்க வேண்டிய பிள்ளைகள் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்றால் ‘திருவளர்’ என்றும், இந்தத் திருமணத்துடன் அவ்வீட்டுப் பிள்ளைகளின் திருமணங்கள் நிறைவடைகின்றன என்றால் ‘திருநிறை’ என்றும் அடைமொழி இடுவது வழக்கில் உள்ள முறை. ஆகவே மூத்த பிள்ளைக்கு முன்னதும், கடைசியாக மணம் காணும் பிள்ளைக்குப் பின்னதும் பொருந்தும். ஒற்றைப் பிள்ளைக்குத் ‘திருநிறை’ என்று இடுவதே பொருத்தம்.

‘ச்’ வேண்டாம். வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுசோறு ஆகியவற்றில் வல்லினம் மிகாதது போலவே இங்கும் மிகாது. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி என்றே எழுதுங்கள். ‘ச்’ விட்டுப்போய்விட்டது என்று அச்சகத்தில் பிழைதிருத்துபவர் மறுபடியும் சேர்த்துவிடக்கூடும் என்பதால், கடைசி மெய்ப்பை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: முகூர்த்தம் அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள். பஞ்சாங்கப்படி ஞாயிறு, நாட்காட்டிப்படி திங்கள். எந்தக் கிழமையை அச்சிடுவது? தமிழ் ஆண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, நாட்காட்டியில் நள்ளிரவில் தொடங்குகிறது. இந்த இடைவெளியில் விழும் முகூர்த்தங்களுக்காகவே நம் முன்னோர் ஓர் அழகிய தொடரை வைத்திருந்தார்கள்: ‘ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு, விடிந்தால் திங்கட்கிழமை’. இதை அப்படியே போட்டு, ஆங்கிலத் தேதியையும் பக்கத்தில் தெளிவாகக் கொடுத்துவிட்டால் எவரும் குழம்பமாட்டார். வெறுமனே ‘ஞாயிறு அதிகாலை’ என்று அச்சிட்டுவிட்டு, வெளியூர் உறவினர் ஒருநாள் முன்னதாகவே வந்து பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்ற கதை எங்கள் குடும்பத்திலேயே நடந்திருக்கிறது.

தமிழ் ஆண்டைப் பொறுத்தவரை, ஜனவரி பிறந்ததும் அது மாறிவிடுவதில்லை. 2026 ஏப்ரல் 13 வரையில் நடக்கும் திருமணங்களுக்கு விசுவாவசு ஆண்டு. மறுநாள் சித்திரை முதல் பராபவ ஆண்டு. திருவள்ளுவர் ஆண்டு குறிப்பிடுபவர்கள் ஆங்கில ஆண்டுடன் 31 கூட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் அது பிறப்பது தை முதல் நாளில். எனவே 2026 பொங்கலிலிருந்து 2057. அதற்கு முந்தைய ஜனவரி நாட்களுக்கு 2056 தான்.

கேள்வி: மொய் வேண்டாம் என்பதை மனம் நோகாமல் எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. ‘தங்கள் வருகையும் வாழ்த்துமே எங்களுக்கு நிறைவு, மொய் பெறுவதாக இல்லை’ என்று எழுதினால் பணிவு குறையாமல் செய்தியும் சேர்ந்துவிடும். ஆயினும் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே மொய் எழுதிய வீடுகள், அதைத் திருப்பிச் செய்ய இந்த நாளுக்காகக் காத்திருக்கும். அவர்களுக்கு இந்த வரி, கடன் தீர்க்க விடாமல் தடுப்பதாகத் தோன்றும். அத்தகையோரிடம் பத்திரிகை வைக்கும்போது வாய்மொழியாக விளக்குவதே முறை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் வாங்குவதற்காகவே ஆடி மாதத்தில் விருந்து வைத்து அழைப்பிதழ் அடிக்கும் வழக்கம் இருப்பதால், அங்குள்ள உறவினருக்கு உங்கள் வரி விளங்குவதற்கே சற்று நேரமாகும்.

கேள்வி: ‘இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வெளிநாட்டில் இருப்பவருக்கும் அலுவலக நண்பருக்கும் அனுப்பலாம், தாம்பூலத் தட்டுடன் போய் அழைக்க வேண்டிய தாய்மாமனுக்கும் சம்பந்திகளுக்கும் கூடாது. அந்த வரியிலும் எனக்குச் சிறு குறை உண்டு: வராதது நாம், ஆனால் வந்ததாக எண்ணிக்கொள்ளும் வேலையை எதிராளிக்குக் கொடுக்கிறோம். ‘தொலைவின் காரணமாக நேரில் வந்து அழைக்க இயலாமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்’ என்று தொடங்குவது மேல். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தாமல், மண்டபத்தின் பெயர், தெரு, அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், முகூர்த்த நேரம் ஆகியவற்றை எழுத்தாகவும் தட்டச்சிட்டு அதே செய்தியின் கீழே சேர்த்துவிடுங்கள்.