யூஆர்ட்டில் அனுப்ப முடிகிறது, வாங்க முடியவில்லை: பின்மக்ஸை டிரைவருக்குள்ளேயே எழுதிவிடலாமா?

கேள்வி: பீகிள்போன் பிளாக்கில் (லினக்ஸ் ஓடும் சிறிய போர்டு) யூஆர்ட்1 (சீரியல் போர்ட்) டிரைவர் ஒழுங்காக ஏறுகிறது. டிஎக்ஸில் (அனுப்பும் பின்) டேட்டா போகிறது, ஆர்எக்ஸில் (வாங்கும் பின்) ஒரு பைட்கூட வரவில்லை. டிவைஸ் கிடைத்ததும் கர்னல் கூப்பிடும் புரோப் ஃபங்ஷனிலேயே, பின் எந்த வேலைக்கு என்று தீர்மானிக்கும் பின்மக்ஸ் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டால் சரியாகுமா?

வேலை நடந்துவிடும், ஆனாலும் செய்யாதீர்கள். ஒரே டிரைவர் பத்து போர்டில் ஓடும். எந்தப் பின் எதற்கு என்பது போர்டின் சங்கதி. அதற்காகத்தான் 2012 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.2-இலிருந்து பின்கன்ட்ரோல் என்ற தனி அடுக்கு கர்னலில் இருக்கிறது. அதைத் தாண்டி நேராக எழுதினால், அந்தப் பின் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு கர்னலிடம் இருக்காது. நாளைக்கு வேறொரு டிவைஸ் அதே பின்னைக் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடும்.

டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன ஹார்டுவேர் என்று கர்னலுக்குச் சொல்லும் விவரம்) யூஆர்ட் நோடுக்குள் இரண்டு வரி போதும்: பின்கன்ட்ரோல்-நேம்ஸ் என்பதில் 'டீஃபால்ட்', பின்கன்ட்ரோல்-0 என்பதில் உங்கள் பின் தொகுப்பின் லேபிள். புரோப் கூப்பிடப்படும் முன்பே டிரைவர் கோர் அந்த டீஃபால்ட் நிலையைப் போட்டுவிடும். 'டீஃபால்ட்' என்பதில் ஓரெழுத்து பிசகினாலோ தொல்லை. கர்னல் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளாது. பின் எதையும் தொடாமல் புரோப் பாட்டுக்கு ஓடும். முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

ஆனால் டிஎக்ஸ் போகிறது என்கிறீர்களே, அப்படியானால் சந்தேகம் ஆர்எக்ஸ் பின்னின் மதிப்பு மேல்தான். இந்த போர்டின் ஏஎம்335எக்ஸ் சிப்பில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு ரெஜிஸ்டர். 0 முதல் 2 வரையிலான பிட்கள் மோட், அதாவது பின்னுக்கு எந்த வேலை என்பது. பிட் 3-இல் 1 போட்டால் புல் (பின்னை மேலோ கீழோ இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) அணையும். பிட் 4 புல்-அப்பா புல்-டவுனா என்று சொல்லும். பிட் 5 உள்வரும் பஃபரைத் திறக்கும், பலரும் கோட்டை விடுவது இதைத்தான். போர்டின் பி9 ஹெடரில் 26-வது பின்னான பி9_26 ஆர்எக்ஸ், ஆஃப்செட் ஹெக்ஸில் 180. பி9_24 டிஎக்ஸ், ஆஃப்செட் 184. இரண்டுக்கும் மோட் 0. ஆர்எக்ஸுக்கு ஹெக்ஸில் 30 வேண்டும், அதாவது பிட் 4-ம் 5-ம் 1. டிஎக்ஸ் வரியை காப்பி செய்து ஆஃப்செட்டை மட்டும் மாற்றியிருந்தால் பிட் 5 பூஜ்யமாகவே நிற்கும். மோட் சரி, வயர் சரி, சிக்னல் பின் வரை வந்துவிடும். உள்ளே நுழைய வழி இருக்காது.

உண்மையில் என்ன இருக்கிறது என்று டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் ஃபைல் சிஸ்டம்) பார்க்கலாம். பின்கன்ட்ரோல் டைரக்டரியில் அந்தக் கன்ட்ரோலரின் பெயருக்குள் 'பின்ஸ்' என்ற ஃபைலில் பின் 96-ஐத் தேடுங்கள் (ஆஃப்செட்டை நாலால் வகுத்த எண்). எதிரே இருப்பதுதான் சிப்பில் இப்போதுள்ள மதிப்பு. பக்கத்திலுள்ள 'பின்மக்ஸ்-பின்ஸ்' ஃபைல், பின் யார் வசம் என்று சொல்லும். மெமரி முகவரியை நேராகப் படிக்கவும் எழுதவும் உதவும் டெவ்மெம் கருவியால் சோதிக்க நினைத்தால், படிக்க மட்டுமே முடியும். இந்த ரெஜிஸ்டர்களில் பிரிவிலேஜ்டு மோடில்தான் எழுத முடியும் என்பதால் யூசர்ஸ்பேஸிலிருந்து எழுதினாலும் மதிப்பு மாறாது. அதைப் பார்த்து போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

டிமெசேஜில் (கர்னல் லாக்) 'பின் ஏற்கெனவே இன்னாரிடம் இருக்கிறது, உனக்குத் தர முடியாது' என்ற வரியும் -22 என்ற பிழை எண்ணும் வந்தால் அது வேறு கதை. போர்டோடு வரும் இமேஜில் யுனிவர்சல் கேப் ஓவர்லே (டிவைஸ் ட்ரீயின் மேல் ஏற்றும் கூடுதல் துண்டு) ஏறியிருந்தால், பி9_24, பி9_26 இரண்டையும் அது முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் உங்கள் ஓவர்லேயை விட்டுவிட்டு கன்ஃபிக்-பின் கட்டளையால் யூஆர்ட்டுக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். -517 வந்தால் பயப்பட வேண்டாம், பின் கன்ட்ரோலர் இன்னும் எழவில்லை, கர்னல் பிறகு தானே முயலும்.

சஸ்பெண்டில் பின்களை வேறு நிலைக்குக் கொண்டுபோக 'ஸ்லீப்' என்ற இரண்டாம் நிலை எழுதினால், அது மட்டும் தானாக நடக்காது. டிரைவரின் சஸ்பெண்ட் ஃபங்ஷனில் ஸ்லீப் நிலையையும் ரெஸ்யூமில் டீஃபால்ட்டையும் தேர்ந்தெடுக்கும் பின்கன்ட்ரோல் ஃபங்ஷன்களை நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

எஸ்பிஐக்கு (கிளாக்கோடு டேட்டா அனுப்பும் இன்னொரு சீரியல் பஸ்) போனால் இதே பிட் 5 மறுபடி காலை வாரும். இந்தச் சிப்பில் மாஸ்டராக இருந்தாலும் கிளாக் பின்னுக்கு இன்புட் திறந்திருக்க வேண்டும், வெளியே போகும் கிளாக்கையே அது உள்ளே திரும்ப வாங்கிப் பயன்படுத்துகிறது. கிளாக் அவுட்புட்தானே என்று மூடி வைத்தால் டேட்டா ஒழுங்காக வராது.

மதிப்பு 30 என்று காட்டியும் ஆர்எக்ஸ் மௌனமாக இருந்தால், வெளியே மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு பி9_24-ஐயும் பி9_26-ஐயும் ஒரு ஜம்பரால் இணைத்து அனுப்பிப் பாருங்கள். அனுப்பியது திரும்பி வந்தால் பின்மக்ஸில் தவறில்லை. எதிர்ப்பக்க வயரிங், பாட் ரேட், கிரவுண்டு இவற்றில் தேடுங்கள். எதிர்ப்பக்கம் 5 வோல்ட் என்றால் திரும்ப மாட்டாதீர்கள். இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நடுவில் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.