ஐந்தாம் வகுப்பு அமெரிக்க வரலாறு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பையனுக்கு வரலாறு ஏறவே மாட்டேன் என்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மாநிலம், எந்த வகுப்பு என்று எழுதாமல் அனுப்பினால் நான் என்னத்தைச் சொல்ல? டெக்சஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் நாலாம் வகுப்பில் மாநில வரலாறு; அமெரிக்கா பிரிட்டனின் காலனிகளாக இருந்த காலத்துக் கதையெல்லாம் ஐந்தில்தான். முதலில் பள்ளி கொடுத்த பாடத்திட்டத்தைப் பாருங்கள். அதில் இல்லாததை வீட்டில் திணித்துவிட்டு ஏறவில்லை என்று புலம்பாதீர்கள்.

பதின்மூன்று காலனிகளின் பெயர்களும் நினைவில் நிற்க ஒரு வழி சொல்லுங்கள். (நியூ ஜெர்சி)

பட்டியலாக ஒப்பித்தால் நிற்காது. வரைபடத்தை எடுங்கள்: வடக்கே நாலு, நடுவே நாலு, தெற்கே ஐந்து. வெற்று வரைபடம் பத்துப் பிரதி எடுத்துவைத்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். கூடவே பிழைப்பையும் எழுதட்டும்: வடக்கில் மீனும் கப்பல் கட்டுவதும், நடுவில் கோதுமை, தெற்கில் புகையிலை, அரிசி, அவுரி. பிழைப்பு தெரிந்தால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி தவறுவது மெய்னில்: அது அப்போது மாசசூசெட்ஸின் பகுதி. வெர்மான்ட் பதின்மூன்றில் சேராது.

பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது நம் அஸ்ஸாம் தேயிலையா? வரி ஏறியதால்தானே கொட்டினார்கள்? (சிகாகோ)

இரண்டும் தப்பு. 1773 டிசம்பரில் கடலுக்குப் போன 340 சொச்சம் பெட்டியும் சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை சந்தைக்கு வர இன்னும் 60 வருஷத்துக்கு மேல் இருந்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி 1767-லேயே போட்டது. 1773 தேயிலைச் சட்டம் அதை ஏற்றவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக விற்கலாம் என்றானதும் விலை இறங்கத்தான் செய்தது. கோபமெல்லாம், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடுகிறதே என்பதில். மிட்டாய் கொடுத்துப் பாதியைப் பிடுங்கும் விளையாட்டை வகுப்பில் நடத்துவார்கள். வீட்டில் அதையே இரண்டாம் சுற்றும் நடத்துங்கள்: அதே அளவுதான் பிடுங்க வேண்டும், ஆனால் குழந்தைக்கும் ஓட்டு உண்டு. முதல் சுற்றோடு நிறுத்தினால் 'வரி என்றாலே கெட்டது' என்றுதான் மனதில் பதியும்.

நாளை மறுநாள் ஜேம்ஸ்டவுன் கோட்டை மாடல் கொண்டுபோக வேண்டும். ரெடிமேடாக எங்கே கிடைக்கும்? நானே செய்து கொடுத்தால் டீச்சருக்குத் தெரியுமா? (டாலஸ்)

தெரியும். ஒன்பது, பத்து வயதுக் கை எப்படி வெட்டும், எப்படிப் பசை தடவும் என்று தினமும் பார்ப்பவர் அவர். ஒவ்வொரு வருஷமும் இதே கடிதம் வருகிறது. கோட்டையை நாலு மூலையோடு கட்டிய படமும் கூடவே வருகிறது! அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் நிலையான குடியேற்றமான ஜேம்ஸ்டவுனில் 1607-இல் கட்டியது முக்கோணக் கோட்டை. ஆற்றோரப் பக்கம் 420 அடி, மற்ற இரண்டும் 300 அடி, மூலைக்கு ஒரு கொத்தளம். பத்தடிக்கு ஒரு செ.மீ. என்று வைத்தால் 42, 30, 30. அரை மீட்டர் நீள அட்டையில் அடங்கிவிடும்.

42 செ.மீ. கோடு போட்டு, இரு முனையிலிருந்தும் 30 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டி வில் வரையுங்கள். இரண்டும் வெட்டுமிடம் மூன்றாவது மூலை. சுவருக்கு ஐஸ் குச்சி 35 போதும், ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்க வேண்டும். காய்ந்த குச்சியை வெட்டினால் நீளவாக்கில் பிளக்கும், அதனால் வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவையுங்கள். பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாள் சுவர் சாயும். அடியில் ஒற்றை அட்டை வளையும். இரண்டை, அட்டைக்குள் ஓடும் மடிப்புகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு ஒட்டுங்கள். இந்த அளவில் சுவரின் உயரம் மட்டும் பொருந்தாது. அதைக் குழந்தையே சீட்டில் எழுதிவைக்கட்டும்.

குச்சியை நறுக்குவது உங்கள் வேலை, மற்றது குழந்தையுடையது. கோணலாக இருந்தால் இருக்கட்டும். அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்று குழந்தை சொல்ல வேண்டும்: கரையோரமே ஆழம், கப்பலை மரத்தில் கட்டலாம், ஸ்பானியர் கண்ணில் சட்டென்று படாது. என்ன கெட்டது என்றும் சொல்ல வேண்டும்: சதுப்பு நிலம், உப்புக் கலந்த தண்ணீர், அப்புறம் 1609–10 பஞ்சக் குளிர்காலம். அதில் சுமார் 300 பேரில் 60 பேர்தான் மிஞ்சினார்கள். இதைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் கையில் எத்தனை அழகான கோட்டை இருந்து என்ன?

தேங்க்ஸ்கிவிங் நாளுக்கு இறகுக் கிரீடம் செய்யலாமா? (சியாட்டில்)

வேண்டாம். அந்தத் தலையணி மேற்குச் சமவெளிப் பூர்வகுடி மக்களுடையது. தேங்க்ஸ்கிவிங்கின் மூலமாகச் சொல்லும் 1621 விருந்தில் இருந்த வாம்பனோக் பூர்வகுடி மக்கள் வேறு. இன்றும் மாசசூசெட்ஸில் வாழ்கிறார்கள். செய்தே ஆக வேண்டுமானால் அவர்களுடைய வீடான வெட்டுவைச் செய்யுங்கள்: கம்பிகளைக் கவிழ்த்த கிண்ணம் போல வளைத்து, மரப்பட்டைக்குப் பதில் பழுப்புக் காகிதத்தால் மூடினால் போதும்.

எட்டு வயதுக் குழந்தையிடம் அடிமை முறை பற்றி எப்படிப் பேசுவது? (அட்லாண்டா)

நேராக. 1619-இல் ஆங்கிலேய வர்ஜீனியாவுக்கு, பாயின்ட் கம்ஃபர்ட்டில், 20-க்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விற்றார்கள், வாங்கினார்கள், கூலியில்லை, விட்டுப் போக முடியாது: இந்த அளவு எட்டு வயதுக்குப் புரியும். 'வேலைக்காரர்கள்' என்று மழுப்பாதீர்கள். ஒப்பந்தக் கூலிகள் வேறு. அவர்களுக்கு நாலைந்து முதல் ஏழு வருஷம், பிறகு விடுதலை. நடித்துக் காட்டும் விளையாட்டு மட்டும் இதற்கு வேண்டவே வேண்டாம்.

பேத்தி அங்கே ஐந்தாம் வகுப்பு. சென்னையில் இருக்கும் தாத்தா நான் என்ன சொல்லித்தர முடியும்? (மயிலாப்பூர்)

நிறைய, ஐயா. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில், யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த பிரிட்டிஷ் படைக்குத் தலைவரான கார்ன்வாலிஸ்தான் பிறகு இங்கே கவர்னர் ஜெனரலாகி, திப்புவோடு போரிட்டவர். அமெரிக்கர் பக்கம் சேர்ந்த பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் 1783 ஜூனில் கடலூர்க் கடலிலேயே சண்டை நடந்தது. முதற்கட்ட சமாதான ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை. ஒரு அழைப்புக்கு ஒரு கதை, பத்து நிமிஷம் போதும். இரண்டு பக்கமும் வரைபடம் இருக்கட்டும்.

சுதந்திரப் பிரகடனத்தில் எல்லோரும் ஜூலை 4 அன்றுதானே கையெழுத்திட்டார்கள்? (ஆஸ்டின்)

இல்லை. அன்று ஏற்றார்கள், பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2, 1776.

காலனி கால ஜானிகேக் (மக்காச்சோள அடை) செய்தால் தோசைக்கல்லில் உதிர்ந்துபோகிறது. (ராலி)

இந்தியக் கடையில் 'கார்ன்ஃப்ளவர்' என்று விற்கும் வெள்ளை மாவு சரிப்படாது. ரவை போன்ற மக்காச்சோள மாவு, கார்ன்மீல், வேண்டும். ஒரு கப் மாவு, அரை ஸ்பூன் உப்பு, கொதிக்கக் கொதிக்க ஒரு கப் தண்ணீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிடிப்பே வராது. பத்து நிமிஷம் ஊறட்டும். அடுப்பைத் தணித்து, சிறு வட்டமாக ஊற்றி, ஓரம் காயும் வரை, ஐந்தாறு நிமிஷம், திருப்பாதீர்கள்.