கண்டெய்னர்களின் ரூட் சேமிப்பகம்: கேள்வி பதில்

எல்எக்ஸ்சி, எல்எக்ஸ்டி, இன்கஸ், பிராக்ஸ்மாக்ஸ் ஆகிய மென்பொருள்களில் இயங்கும் முழு இயங்குதளக் கண்டெய்னர்களின் (ஹோஸ்ட் எனப்படும் ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடுபவை) ரூட் கோப்பு முறைமையை (அவற்றின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) எங்கே, எப்படி வைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். டாக்கர் இமேஜ்களின் அடுக்குகள் பற்றிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (ஒரு சிறு அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்): ஒரே ஒரு எஸ்எஸ்டி, ஐந்தாறு கண்டெய்னர்கள். எந்தச் சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?

பதில்: டைரக்டரி முறைதான் மிக எளியது. எல்எக்ஸ்டியிலும் இன்கஸிலும் கண்டெய்னரின் ரூட், ஹோஸ்ட்டில் ஒரு சாதாரண அடைவாகவே இருக்கும். எதையும் நேரடியாகத் திறந்து பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையின் பதிவு) முழு நகலாகவே எடுக்கப்படும், அளவு வரம்பு வைப்பதற்கும் அடியிலுள்ள எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் புராஜெக்ட் கோட்டா (அடைவுவாரியான அளவு வரம்பு) இயக்கப்பட்டிருக்க வேண்டும். அடிக்கடி ஸ்னாப்ஷாட் எடுப்பீர்கள் என்றால், எஸ்எஸ்டியில் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி, அதில் இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு பூல் (கண்டெய்னர்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொது இடம்) அமையுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், பூல் முழுவதும் நிரம்பினால் இந்த முறை எப்படி நடந்துகொள்ளும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி (மாணவர்): எல்எக்ஸ்டியை நிறுவியபோது அதுவே ஒரு கோப்பை உருவாக்கி, அதற்குள் இசட்எஃப்எஸ் பூலை அமைத்துவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: பயிற்சிக்கு விடலாம். அது லூப் கோப்பு, அதாவது வட்டுபோலப் பயன்படுத்தப்படும் சாதாரணக் கோப்பு. காலி இடத்தில் 20 சதவீதம், குறைந்தது 5 ஜிபி, அதிகபட்சம் 30 ஜிபி என்ற கணக்கில் தானாக உருவாகிறது. எழுதப்படும் ஒவ்வொரு தரவும் இரண்டு கோப்பு முறைமைகளைக் கடந்தே வட்டுக்குப் போகும். ஹோஸ்ட் வட்டு நிரம்பினால், உள்ளே இடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும் பூலும் சேர்ந்து பாதிக்கப்படும். பிறர் நம்பிப் பயன்படுத்தும் எதையும் இதில் வைக்க வேண்டாம்.

கேள்வி (தரவு மைய ஊழியர்): எல்விஎம் (வட்டை வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் அமைப்பு) தின் பூல் (எழுதும்போது மட்டும் இடம் எடுத்துக்கொள்ளும் வகை) 100 ஜிபி. கண்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் 10 ஜிபி வீதம் 20 கண்டெய்னர்கள். ஒருநாள் பல கண்டெய்னர்கள் ஒன்றாகப் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டன. ஆனால் உள்ளே காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை, பாதிக்கு மேல் காலி என்றே காட்டியது. ஏன்?

பதில்: இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒதுக்கியது 200 ஜிபி, கையில் இருப்பது 100 ஜிபி. டிஎஃப், அந்தக் கண்டெய்னரின் எக்ஸ்ட்4 தனக்குத் தரப்பட்டதாக நம்பும் 10 ஜிபியை வைத்தே கணக்குக் காட்டும். பூலில் எவ்வளவு மிச்சம் என்பது எக்ஸ்ட்4-க்குத் தெரியாது. பூல் நிரம்பியதும் இயங்குதளத்தின் மையமான கெர்னல், புதிதாக எழுத வரும் தரவை இயல்பிருப்பில் 60 விநாடி நிறுத்தி வைக்கும். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் பிழையைத் திருப்பும். அந்தப் பிழை ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) தொட்டால், எக்ஸ்ட்4 எழுதுவதை நிறுத்திவிடும். 3 ஜிபி மட்டுமே பயன்படுத்திய கண்டெய்னரும் நின்றுபோவது இதனால்தான்.

செய்ய வேண்டியவை: எல்விஎஸ் கட்டளை காட்டும் டேட்டா சதவீதம், மெட்டாடேட்டா சதவீதம் இரண்டையும் கண்காணிப்பில் சேருங்கள். மெட்டாடேட்டா (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) நிரம்புவது டேட்டா நிரம்புவதைவிட மோசமானது. பழுதுபார்ப்பு அவ்வளவு எளிதன்று. எல்விஎம் அமைப்புக் கோப்பில், பூலைத் தானாக விரிவாக்கும் வரம்பு இயல்பிருப்பில் 100 என்று இருக்கும். அதன் பொருள், தானியங்கி விரிவாக்கம் இயங்காது என்பதே. அதை 80 ஆக்குங்கள், வால்யூம் குரூப்பிலும் (பூலுக்கு இடம் தரும் வட்டுத் தொகுப்பு) காலி இடம் விட்டு வையுங்கள். இடமே இல்லையென்றால் அந்த வரம்பினால் பயனில்லை.

கேள்வி (வேறொருவர்): நான் உடன்படவில்லை. அதிகமாக ஒதுக்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தானே தின் முறையே இருக்கிறது? இருப்பதை மட்டும் ஒதுக்கு என்றால் சாதாரண எல்விஎம் போதுமே.

பதில்: அதிகமாக ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்காணிக்காமல் ஒதுக்கக் கூடாது என்கிறேன். தின் முறையில் உடனடி ஸ்னாப்ஷாட், விரைவான குளோன் ஆகியவையும் கிடைக்கின்றன. ஒதுக்கீட்டைக் கூட்டாவிட்டாலும் அவற்றுக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அவரே மீண்டும்: என்னிடம் கண்காணிப்பு இருக்கிறது. கண்டெய்னர்களுக்குள் பழைய லாகுகளை வாரந்தோறும் அழிக்கிறேன். ஆனாலும் பூல் பயன்பாடு இறங்குவதில்லை.

பதில்: அழித்த இடம் தானாகப் பூலுக்குத் திரும்பாது. கோப்பு முறைமை, இந்த பிளாக்குகள் இனி வேண்டாம் என்று டிஸ்கார்டு அனுப்ப வேண்டும். அதற்கு எஃப்எஸ்டிரிம் என்ற கட்டளை ஓட வேண்டும். சலுகையற்ற கண்டெய்னருக்குள்ளிருந்து (அதன் நிர்வாகிக்கு ஹோஸ்ட்டில் நிர்வாகி அதிகாரம் இல்லை) அதை ஓட்ட அனுமதி கிடைக்காது. ஹோஸ்ட்டிலிருந்துதான் ஓட்ட வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் கண்டெய்னர்களைக் கையாளும் பிசிடி கட்டளைக்குள்ளேயே எஃப்எஸ்டிரிம் இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை ஓடும்படி அட்டவணையிடுங்கள்.

கேள்வி (விவாதத்தில் சேர்ந்துகொண்ட இன்னொருவர்): இசட்எஃப்எஸ் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: தொல்லை குறையும், தீராது. இசட்எஃப்எஸ்ஸில் கண்டெய்னர் ஒரு டேட்டாசெட்டாக (பூலின் இடத்தை நேரடியாகப் பகிரும் கோப்பு முறைமை) இருப்பதால், பூலில் மிச்சமுள்ள இடம் உள்ளேயும் தெரியும். அழித்த இடம் டிரிம் இல்லாமலே பூலுக்குத் திரும்பும். ஆனால் ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் இடம் திரும்பாது. கோட்டா, ரெஃப்கோட்டா வேறுபாட்டையும் கவனியுங்கள். கோட்டா வைத்தால் ஸ்னாப்ஷாட்டுகளின் அளவும் கண்டெய்னரின் கணக்கில் சேரும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் இடம் வராமல் பயனர் திகைப்பார். ரெஃப்கோட்டா, உயிரோடு இருக்கும் தரவை மட்டும் எண்ணும். ஸ்னாப்ஷாட்டுகள் பூலைச் சத்தமில்லாமல் நிரப்பும். நான் ரெஃப்கோட்டாவையே பரிந்துரைக்கிறேன்; ஸ்னாப்ஷாட்டுகளுக்குக் காலாவதி வைப்பது நிர்வாகியின் வேலை, பயனரின் வேலை அன்று.

கேள்வி: எது அதிக வேகம்?

பதில்: உங்கள் வேலைப்பளுவை ஓட்டி அளந்து பாருங்கள்.

கேள்வி: பிடிஆர்எஃப்எஸ் வேகமா, இசட்எஃப்எஸ் வேகமா?

பதில்: மேலேயுள்ள பதிலே இதற்கும் பொருந்தும். பூல் நிரம்பினால் என்ன ஆகும் என்று இன்னும் யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு எழுதுவேன்.

கேள்வி: பிடிஆர்எஃப்எஸ் மீது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை வைக்கலாமா?

பதில்: தரவு அடைவைத் தனி வால்யூமாகப் பிரித்து வையுங்கள். காப்பி-ஆன்-ரைட்டை (பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை) அந்த அடைவுக்கு மட்டும் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் அந்தக் கோப்புகளுக்குச் செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பாதுகாப்பும் போய்விடும். கோப்புகள் உருவாகும் முன்பே, காலியான அடைவில் அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். பேக்கப் தனியாக வேண்டுமா?

பதில்: வேண்டும். ஸ்னாப்ஷாட் அதே வட்டில் இருக்கிறது. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி: ரூட்டை 20 ஜிபியிலிருந்து 10 ஆகக் குறைக்க முடியுமா?

பதில்: இசட்எஃப்எஸ்ஸில் கோட்டாவை மாற்றினால் போதும். எக்ஸ்ட்4 என்றால் கண்டெய்னரை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து குறைக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சிறிய வால்யூம் உருவாக்கி நகலெடுங்கள்.

கேள்வி: கண்டெய்னருக்கு ஐபி முகவரி வரவில்லை.

பதில்: இது பிரிட்ஜ் அமைப்பைச் சார்ந்தது. நெட்வொர்க் பற்றிய பகுதியில் கேளுங்கள்.

கேள்வி: ஹோஸ்ட் அடைவைச் சலுகையற்ற கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்தால் உரிமையாளர் எல்லாம் நோபடி (யாருமில்லை) என்று காட்டுகிறது.

பதில்: கண்டெய்னரின் ரூட் பயனர், ஹோஸ்ட்டில் பொதுவாக 100000 என்ற எண்ணாக இருப்பதும், அந்த வரம்புக்கு வெளியேயுள்ள உரிமையாளர்களுக்கு உள்ளே எண் இல்லாததுமே காரணம். கெர்னல் 5.12 முதல் ஐடிமேப்டு மவுண்ட் (உரிமையாளர் எண்களை மாற்றிக் காட்டும் மவுண்ட்) இருக்கிறது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் அப்போதே ஆதரித்தன, பிடிஆர்எஃப்எஸ் 5.15-இல் சேர்ந்தது, இசட்எஃப்எஸ்ஸுக்கு அதன் 2.2 பதிப்பு வேண்டும். இன்கஸில் அந்த டிஸ்க் டிவைஸுக்கு ஷிஃப்ட் என்ற அமைப்பை இயக்குங்கள். எல்லாவற்றையும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) ஆக்கிவிட வேண்டாம்.