மீன் விலைப் பட்டியல் தானாக நகரும்போது குலுங்குகிறது, சில போன்களில் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு செயலியில் பாம்பன், மண்டபம் ஏல விலைகளை ரீசைக்ளர்வியூவில் (நீண்ட பட்டியல் காட்டும் கூறு) போட்டு, ஹேண்ட்லரை டைமராக வைத்து 16 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஸ்க்ரோல்பை (பட்டியலை முழு பிக்சல் கணக்கில் நகர்த்தும் கட்டளை) கூப்பிடுகிறீர்கள். வேகம் வினாடிக்கு 24 டிபி (போனுக்குப் போன் வேறு பிக்சலாக மாறும் அளவு). இதில் இருப்பது ஒரு கோளாறல்ல, இரண்டு.

குலுங்கலுக்கு ஹேண்ட்லர்தான் காரணம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிவினாடி. டைமர் அதோடு ஒட்டாது. திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் வேலை இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒரு ஃப்ரேமில் இரண்டு நகர்வு விழும், இன்னொன்றில் எதுவும் விழாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உங்கள் நிரலைக் கூப்பிடும் கோரியோகிராஃபரின் ஃப்ரேம் கால்பேக்குக்கு மாறுங்கள். அது தரும் நேரத்திலிருந்து முந்தைய ஃப்ரேமின் நேரத்தைக் கழித்து, வேகத்தால் பெருக்கினால் நகர வேண்டிய தூரம் வந்துவிடும்.

அசையாமல் நிற்பது வெறும் கணக்குப் பிழை. டென்சிட்டி (ஒரு டிபிக்கு எத்தனை பிக்சல்) 2.75 உள்ள போனில் 24 டிபி என்பது 66 பிக்சல். 16 மில்லிவினாடிக்கு 1.056. முழு எண்ணாக்கினால் 1, அதனால் ஓடுகிறது. டென்சிட்டி 2 உள்ள போனில் 48 பிக்சல். 16 மில்லிவினாடிக்கு 0.768. தசமத்தை வெட்டினால் 0! கோரியோகிராஃபருக்கு மாறிய பிறகு, 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் அந்த 2.75 போனிலும் இதே கதைதான்: ஃப்ரேமுக்கு 0.55. ரவுண்ட் செய்தாலும் சரிவராது, 0.55 ஒன்றாகி வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மிச்சத் தசமத்தை ஒரு ஃப்ளோட்டில் (தசம எண் வைக்கும் மாறி) சேர்த்து வையுங்கள். முழு பிக்சல் தேறியதும் அதை மட்டும் நகர்த்தி, மீதியை அடுத்த ஃப்ரேமுக்குக் கொண்டுபோங்கள்.

செயலி பின்னால் போய்த் திரும்பும்போது நேர இடைவெளி பெரிதாகிப் பட்டியல் ஒரே தாவாகத் தாவும். செயலி பின்னால் போகும்போது ஓடும் ஆன்பாஸில் கால்பேக்கை நீக்கி, பழைய நேரத்தையும் அழித்துவிடுங்கள். இடைவெளிக்கு 50 மில்லிவினாடி உச்சவரம்பும் இருக்கட்டும்.

விரல் பட்டால் நிறுத்தியே ஆகவேண்டும். நகரை மீனின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வியாபாரியின் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கினால் செயலியையே நீக்கிவிடுவார். நிரலிலிருந்து கூப்பிடும் ஸ்க்ரோல்பை, ஸ்க்ரோல் ஸ்டேட்டை (பட்டியலின் நகர்வு நிலை) மாற்றாது; ஆகவே டிராகிங் என்று வந்தால் அது விரல்தான். ஐடில் ஆனபின், அதாவது பட்டியல் நின்றபின், நான்கு வினாடி பொறுத்துத் தொடங்குங்கள். தனியாக ஒரு நிறுத்து பொத்தானும் வேண்டும்: தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் நகரும் உள்ளடக்கத்தை நிறுத்த வழி இருக்கவேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் விதி.

இன்னொன்று ஏப்ரல் 15 வரை கண்ணில் படாது. ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிடலாம். அப்போது 'கடைசிக்கு வந்தாயிற்று, முதலுக்குப் போ' என்ற உங்கள் வரி ஓயாமல் ஓடித் திரை மினுங்கும். நகர இடம் உண்டா என்று சொல்லும் கேன்ஸ்க்ரோல்வெர்டிகலி மேலும் கீழும் ஃபால்ஸ் தந்தால் நகர்த்தலையே தொடங்காதீர்கள்.

விலை மாறும்போது பட்டியல் முழுவதையும் புதுப்பிக்கும் நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்டு வேண்டாம், மாறிய வரிகளைக் கண்டுபிடிக்கும் டிஃப்யூட்டில் போதும். சோதனையை ரிலீஸ் பில்டில் செய்யுங்கள். டீபக் பில்ட் எப்போதுமே மந்தம்.