அந்த 'ஆம்' உங்கள் கையெழுத்தில் இருக்கிறது

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். 2024 அக்டோபரில் தற்காலிக டிபி போர்டில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கேபிள் மாற்றிக்கொண்டிருந்த சப் காண்ட்ராக்டரின் எலக்ட்ரீஷியன் ஷாக் அடித்து இறந்துவிட்டார். ஈபி லைனை அணைத்துப் பூட்டியிருந்தார்கள். யாரோ ஜெனரேட்டரை ஓடவிட்டதில் போர்டுக்குக் கரன்ட் வந்துவிட்டது. ஜெனரேட்டர் பக்கமும் பூட்டு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பலமுறை கேட்டேன், மேனேஜர் காதில் வாங்கவில்லை. லாக்அவுட், அதாவது வேலை நடக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் முறை, சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் செப்டம்பர் தணிக்கைத் தாளில் எல்லா வரிக்கும் 'ஆம்' என்றுதான் எழுதியிருந்தேன். இப்போது அதைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள். போலீஸ் வழக்கில் என் பெயர் இருக்கிறது, மெமோவும் கொடுத்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கம்பெனி மேல் மானநஷ்ட வழக்கு போடலாமா?

பதில்: மானநஷ்டத்தை விடுங்கள். மேனேஜர் எப்படி நடந்துகொண்டார் என்பதும் இப்போதைக்கு இரண்டாம் விஷயம். வழக்கு நிற்கப்போவது ஒரே இடத்தில்தான்: 'எல்லா மின் மூலங்களும் துண்டிக்கப்பட்டுப் பூட்டப்படுகின்றன' என்ற வரிக்கு எதிரே 'ஆம்' எழுதியபோது, எதை நேரில் பார்த்து எழுதினீர்கள்?

உங்களைக் காப்பாற்றும் என்று நீங்கள் நம்பும் வாட்ஸ்அப் செய்திகளும் அந்தத் தாளும் ஒரே கோப்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஜெனரேட்டருக்குப் பூட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் 'ஆம்' எழுதினீர்கள் என்றுதான் அரசு வழக்கறிஞர் படிப்பார். தேதிகள்தான் முக்கியம். செய்தி முதலில் போனதா, தாள் முதலில் எழுதப்பட்டதா? அந்த டிபி அன்றைய தணிக்கையில் இருந்ததா? ஒருவர் பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, கரன்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்ததை நின்று கவனித்தீர்களா, அல்லது அலமாரியில் பூட்டுகளை எண்ணிவிட்டு வந்தீர்களா? முதலாவதுதான் தணிக்கை. இரண்டாவது இருப்புக் கணக்கு. பல சைட்டுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது, ஆள் செத்த பிறகுதான் அது வெளியே வருகிறது.

அப்படியிருந்தும் உங்கள் மேல் உள்ள வழக்கு தற்காப்பே இல்லாத வழக்கு அல்ல. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான 106(1) பிரிவில் அதிகபட்சம் 5 ஆண்டு. ஜாமீனில் வரக்கூடிய குற்றம். மரணத்துக்கு உங்கள் அலட்சியமே நேரடிக் காரணம் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். மும்பை பெயின்ட் தொழிற்சாலைத் தீ விபத்து வழக்கில், குர்பான் ஹுசைன் என்ற மேலாளரை உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கான 304ஏ பிரிவிலிருந்து விடுவித்தது இந்த அடிப்படையில்தான். உங்கள் வழக்கில் நடுவே ஜெனரேட்டரை ஓடவிட்ட ஒரு கை இருக்கிறது. வாதத்தைத் தொடங்க வேண்டிய இடம் அது.

இந்த நிலையில் இருந்தவர்கள் எங்கே கெட்டார்கள் என்று சொல்கிறேன். தாளைத் திருத்தித்தான் கெட்டார்கள். நிர்வாகம் கேட்கிறது, பயமாகவும் இருக்கிறது, 'ஆம்' என்பதை 'பகுதியளவு' என்று மாற்றி ஒரு குறிப்புச் சேர்த்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும். மாற்றினால் 228, 229 பிரிவுகளின்படி பொய்ச் சாட்சியம் உருவாக்கிய குற்றம், 7 ஆண்டு வரை. சாட்சியத்தை மறைத்ததற்கான 238-ஐயும் சேர்ப்பார்கள். பழைய தாளின் ஸ்கேன் ஏற்கெனவே கிளையன்டுக்கு மெயிலில் போயிருக்கும். பூட்டு வாங்கிய பில்லும் ஸ்டோர் ரெஜிஸ்டரும் உங்கள் புதுத் தாளோடு ஒத்துப்போகாது. இறந்தவர் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்ததாக அவர் கையெழுத்தையே போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. அது நேரடியான போலி ஆவணக் குற்றம். அலட்சிய வழக்கில் வெளியே வர வழி இருந்தவர்கள் இதில் மாட்டினார்கள். திருத்தச் சொன்னவர் யாரும் கூண்டில் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அடுத்தது மெமோவுக்குப் பதில். போலீஸிடம் தரும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை. மெமோ பதிலும் மின் ஆய்வாளருக்குத் தரும் கடிதமும் அப்படியல்ல. உங்கள் கையெழுத்தோடு நீதிமன்றத்துக்கு வரும். எனக்கு எழுதியதை அப்படியே அவர்களுக்கும் எழுதிவிடாதீர்கள். அசல் தாள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், போட்டோ எடுத்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள். திருத்தச் சொன்ன செய்தியை அழிக்கவே கூடாது. கம்பெனி வைத்துக் கொடுக்கும் வக்கீல் வேண்டாம், உங்கள் நலனும் கம்பெனி நலனும் இங்கே மோதுகின்றன.

இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்ததா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. விபத்து நடந்தபோது இருந்த 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கிய 30 வயதுக்காரருக்கு 15,59,850 ரூபாய் வரும். ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி, பாதித் தொகை வரை அபராதமும் உண்டு. முதன்மை கம்பெனியும் பொறுப்பு. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்டினால்தான் கணக்கு. வீட்டில் போய்ப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. பணம் கட்டியதால் குற்ற வழக்கு முடியாது. ஆனாலும் அந்தக் குடும்பம் காத்திருக்கக் கூடாது, இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் வேலை விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளுங்கள். சம்பள பாக்கி, அனுபவச் சான்றிதழ், கிராஜுவிட்டி வருமானால் அது, இவற்றை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். செட்டில்மென்ட் காகிதத்தில் 'தணிக்கைக் குறைபாட்டுக்கு நானே பொறுப்பு' என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும் கையெழுத்திடாதீர்கள்; பணம் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.